பங்குனியில் வன்னிக்கு வந்தால் எழுத்தாளர் வாசிப்பு ஏதும் கேட்கலாமா?

கேள்வி இதுதான்: "மாசி கடைசியில் கனடாவிலிருந்து வந்து இரண்டு மாதம் கிளிநொச்சியில் நிற்பேன். அந்த நாட்களில் வன்னியில் இலக்கியக் கூட்டம், எழுத்தாளர் தன் எழுத்தைத் தானே வாசிக்கும் நிகழ்வு ஏதாவது நடக்குமா?"

நடக்கும். நீங்கள் வருகிற காலமும் நல்ல காலம்.

வன்னியில் எதற்கும் நாள் குறிப்பது வயல்தான். மாரி மழையை நம்பி விதைக்கிற காலபோக நெல்லைத் தை கடைசியில் வெட்டத் தொடங்கினால் பங்குனிக்குள் வேலை முடிந்துவிடும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் என்கிற இரண்டாம் போகம் செய்கிறவர்கள் சித்திரையை ஒட்டி மறுபடி வயலுக்குள் இறங்குவார்கள். நடுவில் கிடைக்கிற அந்தச் சில கிழமைகளில்தான் சனத்தின் கையில் கொஞ்சம் காசும் மனதில் கொஞ்சம் ஆறுதலும் இருக்கும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலும் பங்குனியில்தான். புத்தக வெளியீடுகளும் அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் வரும்.

ஒக்ரோபர் இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் அப்போது போட்டிகள், கண்காட்சிகள் நடக்கும். பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் இங்கே அது விதைப்புக் காலம். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கமக்காரரைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட முடியாது. மழை பிடித்துவிட்டால் உள் ஒழுங்கைகளில் சைக்கிளும் உருளாது. வன்னிக்கு வாசிப்பு மாதம் பங்குனியாக இருக்கவேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சரி, போனால் என்ன கேட்பீர்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டது வாசிப்பு. இங்கே அதிகம் நடப்பது வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, நயப்புரை, பிறகு முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள். எழுதியவருக்குக் கிடைப்பது கடைசியில் ஏற்புரை மட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கவிதைத் தொகுப்பின் வெளியீட்டுக்குப் போனேன். எழுதிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று மணிக்கென்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள், தொடங்கும்போது நாலே கால். பத்துப் பேர் பேசினார்கள். அவள் ஏற்புரைக்கு எழும்பியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும், யானை இறங்கும் ரோட்டால் மோட்டார் சைக்கிளில் போக வேண்டியவர்களும் ஏற்கெனவே எழும்பிவிட்டார்கள். ஒரு கவிதை வாசிக்கட்டுமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். நன்றியுரை இருக்கிறது, நேரம் போய்விட்டது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அவள் எழுதிய ஒரு வரியைக்கூட அவள் குரலில் நாங்கள் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தும் எனக்கு அது ஆறவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சின்னதாக ஒன்று தொடங்கினோம். பேர் வைக்கவில்லை, பதாகை இல்லை. வாய்க்கால் கரையில் ஒருவரின் வளவு, மருதமர நிழல், பக்கத்துச் சனசமூக நிலையத்துக் கதிரைகள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயிலும் இருக்கலாம். ஐந்து நிமிடம் அறிமுகம். பிறகு எழுதியவர் வாசிப்பார். பிறகு வந்தவர்கள் பேசலாம். இடையில் பிளேன்ரீயும் பனங்கட்டியும் வரும். பொழுது படமுன் எல்லோரும் வீட்டில்.

முதல் நாள் வாசித்த தம்பியின் கதை ஒரு சூடடிப்பில், அதாவது வெட்டின கதிரை அடித்து நெல் பிரிக்கிற இடத்தில் நடக்கிறது. களத்தில் நெல் குவிந்து கிடந்தது என்று அவர் வாசித்ததும் முன்னால் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார். "தம்பி, குறை நினைக்காதையும். களத்துக்குள்ள நிண்டு நெல் எண்டு சொல்லமாட்டம். பொலி எண்டுதான் சொல்லுறது. அப்பிடிச் சொன்னால்தான் பொலியும்." தம்பி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அச்சான புத்தகத்திலேயே அந்தச் சொல்லை வெட்டி மேலே பொலி என்று எழுதிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் அலுமாரியில் வைத்திருந்தால் அந்த அம்மாவின் சொல் அவருக்குக் கிடைத்திருக்காது. வாசித்துக் காட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதற்காகத்தான்.

இது எங்களுக்குப் புதுப் பழக்கமும் இல்லை. கோயில்களில் புராணம் படிப்பது எப்படி? ஒருவர் பாட்டைப் பாடுவார், மற்றவர் பயன் சொல்லுவார், அதாவது பொருள் விளக்குவார். சுற்றி இருக்கும் சனம் கேட்கும், பிழை விட்டால் திருத்தவும் செய்யும். முல்லைத்தீவுப் பக்கத்தில் கண்ணகியின் கதையைச் சிலம்பு கூறலாகப் படிக்கிற வழக்கம் இருக்கிறது. எழுத்தை ஒருவர் தனியே இருந்து கண்ணால் வாசிப்பது பிறகு வந்த வழக்கம். வாய்விட்டுப் படிக்க ஊர் கூடி இருந்து கேட்டதுதான் எங்கள் பெற்றோர் கண்ட இலக்கியக் கூட்டம்.

போன வருடம் புதுப் புத்தகம் எதுவும் கிடைக்காத ஒரு கிழமை, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யிலிருந்து சில பக்கங்களை வாசித்தோம். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல், கதை நடப்பது முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பில். வந்திருந்த ஓர் ஐயா 1984 மார்கழியில் அந்தப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். காடு வருகிற ஒரு பகுதியைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். திருப்பியும் வாசித்தோம். "நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பன் பிள்ளை. முழுப் புத்தகம் எனக்கு ஏலாது. எங்கட இடத்தைப் புத்தகத்தில கேட்டது இண்டைக்குத்தான்" என்றார். அதன்பிறகு அன்று வேறு எதுவும் வாசிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இனி உங்கள் பயணத்துக்கு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்ட நாட்காட்டி என்று ஒன்றை நம்பி இருக்காதீர்கள். முகநூலில் அழைப்பிதழ் வரும், அதுவும் பலவேளை இரண்டு மூன்று நாளைக்கு முன்புதான். வந்திறங்கியதும் கிளிநொச்சியில் பொது நூலகத்திலும் புத்தகக் கடைகளிலும் விசாரியுங்கள். கிளிநொச்சியில் கூட்டுறவாளர் மண்டபம், வவுனியாவில் நகரசபை கலாசார மண்டபம் என்று பெரிய நிகழ்வுகள் வைக்கிற இடங்கள் உண்டு. தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தெரிந்தால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

வெளியீட்டுக்குப் போனால் புத்தகத்தைச் சும்மா வாங்காதீர்கள். கடித உறைக்குள் காசு வைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். பெரும்பாலும் எழுதியவர் தன் கைக்காசில்தான் முந்நூறு, ஐந்நூறு பிரதி அடித்திருப்பார். நேரம் இருந்தால் வருமுன் தாமரைச்செல்வியின் கதைகளையும் வாசியுங்கள். பரந்தன், குமரபுரத்துக்காரர். வன்னிக் கமக்காரரின் வீட்டுக்குள் போய் எழுதியவர். பழைய ஈழத்துப் புத்தகங்கள் நிறைய 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அப்புறம் கூட்டத்தில் வாய்ப்புக் கிடைத்தால், எழுதியவரைப் பார்த்து "ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர் கேட்டால் மைக்கை வாங்கமாட்டார்கள்.

சித்திரைப் பறுவம், அதாவது பௌர்ணமி வரை நிற்பீர்கள் என்றால் அன்று கிராமத்துப் பிள்ளையார் கோயில் ஒன்றுக்குப் போங்கள். யமனின் கணக்கர் சித்திரபுத்திரனாரின் கதை படிப்பார்கள். பின்னால் இருந்து கேளுங்கள், படிக்கிறவர் எந்த இடத்தில் குரலை இழுக்கிறார், சனம் எந்த இடத்தில் அசைகிறது என்று பாருங்கள். முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். வீட்டிலிருந்து ஒரு செம்பு கொண்டு போங்கள்.