யார் பக்கம் நிற்பது?

கேள்வி: தம்புச் செட்டித் தெருவில் நான் ஜூனியராகச் சேர்ந்த வக்கீல் அலுவலகத்தை இப்போது நானே நடத்துகிறேன். எழுபதைத் தாண்டிய என் சீனியர் மாலையில் வந்து உட்காருவார். குமாஸ்தா அண்ணன் அவருடைய ஆரம்ப நாளிலிருந்து கூட இருப்பவர். எனக்கு முன்பே சேர்ந்த ஐம்பது வயது வக்கீல் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் சட்டக் கல்லூரி முடித்து வந்த மூன்று பிள்ளைகள். சமீபத்தில் சீனியர் "482 போட்டுடும்மா" என்றார். ஜூனியர் பெண் முன்ஜாமீன் மனு தயாரித்துவிட்டாள். அவர் சொன்னதோ வழக்கை ரத்து செய்யும் மனு. கட்சிக்காரர் எதிரிலேயே அவளைத் திட்டிவிட்டார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை, வாட்ஸ்அப்பில் லீவு சொல்றாங்க" என்கிறார்கள் பெரியவர்கள். "ராத்திரி ஒன்பதரை வரை உட்கார்ந்தும் இங்கே கத்துக்க ஒண்ணும் இல்லை" என்கிறார்கள் சின்னவர்கள். அந்தப் பெண் போய்விடுவேன் என்கிறாள். நான் யார் பக்கம் நிற்பது?
- வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பெண் பக்கம் நில்லுங்கள், தயக்கமே வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பழைய 482-ஆம் பிரிவு இப்போது 528. முன்ஜாமீனுக்கான பழைய 438தான் புதிய 482. சீனியர் பல வருடப் பழக்கத்தில் சொன்னார், அவள் இன்றைய சட்டப்படி செய்தாள். வழக்குக் கட்டைப் படித்திருந்தால் புரிந்திருக்குமே என்று அவர் கேட்கலாம். கட்டு அவள் கைக்கு எப்போது வந்தது, கட்சிக்காரர் பேசியபோது அவளை உள்ளே உட்கார வைத்தார்களா என்று நீங்கள் விசாரியுங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் கிடைக்கும்.

கடிதம் முழுக்க வயதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வயதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். யாருக்கு என்ன வேலை, யாருக்கு என்ன வாய்ப்பு, யாருக்கு எவ்வளவு பணம் என்பது அந்த அலுவலகத்தில் வாய்விட்டுப் பேசப்பட்டதே இல்லை என்று தெரிகிறது. அந்தக் காலத்தில் சீனியரின் முகத்தைப் பார்த்தே ஜூனியர் புரிந்துகொள்வார் என்று வைத்திருந்தார்கள். அப்போதும் புரியாமல் போனவர்கள் ஏராளம், வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தாள் வையுங்கள். என்ன நிவாரணம் கேட்கிறோம், பழைய பிரிவு எது, புதிய பிரிவு எது, கடைசி நாள் எது, ஆஜராகப் போவது யார் என்று அதில் இருக்கட்டும். வணிக வழக்கில் சம்மன் கைக்கு வந்த 120 நாளுக்குள் எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதில், தாக்கல் ஆகாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். அதை ஒருவர் ஞாபகத்தை நம்பி விடுவது கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். வாட்ஸ்அப்பில் லீவு சொல்லும் பழக்கத்துக்கும் ஒரே விதி போதும்: காஸ் லிஸ்ட், அதாவது அன்றைய வழக்குகளின் பட்டியல், வந்த பிறகு வர முடியாதவர், தன் கேஸை யாரிடம் ஒப்படைத்தார் என்று போனில் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்கும் இதே விதிதான்.

பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்ன பிறகு, வக்கீல்களின் அமைப்பான பார் கவுன்சில் சென்னைக்கு மாதம் 20,000 ரூபாய் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குக் கீழே என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அப்புறம் பொறுப்பைப் பற்றிப் பேசலாம். அந்தப் பெண்ணைச் சம்பளத்தால் மட்டும் பிடித்து வைக்கவும் முடியாது. பாஸ்ஓவர் கேட்கவும் (வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்லவும்) வாய்தா வாங்கவும் மட்டுமே எழுந்து நிற்கும் பிள்ளைக்கு, நம்மால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? சின்ன மனு ஒன்றை முழுதாகக் கொடுங்கள். அவள் வாதாடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ராத்திரி ஒன்பதரை வரை உட்கார வைத்துவிட்டு, பீச் ஸ்டேஷனுக்கு ஓடி தாம்பரம் ரயிலைப் பிடிக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள்.

சீனியரிடம் கட்சிக்காரர்கள் வருவதற்கு முன்னால், தனியாகப் பேசுங்கள். "சார், தாராளமா திட்டுங்க. கட்சிக்காரர் போனப்புறம் திட்டுங்க. அவர் எதிர்ல திட்டினா, நாளைக்கு இவ ஆஜராகும்போது அவருக்கு நம்பிக்கை வராது." தொழில் சார்ந்த காரணம் சொன்னால் அவர் கேட்பார். சனிக்கிழமையில் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை அவர் முன்னால் வைத்து, இவரை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வையுங்கள். சட்டத்தின் எண்கள் மாறியிருக்கலாம். எந்தக் கேள்வியைக் கேட்காமல் உட்கார வேண்டும் என்பதை அவரைப் போன்ற ஒருவரிடம்தான் கற்க முடியும்.

குமாஸ்தா அண்ணனுக்கு இருப்பது பயம் என்று நினைக்கிறேன். மனுக்களை ஆன்லைனில் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் வந்துவிட்டால் தன்னை யார் தேடுவார்கள் என்ற பயம். 'அந்தப் பெண்ணிடம் கம்ப்யூட்டர் கத்துக்கோங்க' என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் பதிவேற்றும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அண்ணே, குறை சொல்லி கோர்ட்ல ரிட்டர்ன் ஆகாம பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். பக்க எண் விட்டுப்போனது, வக்காலத்தில் நல நிதி ஸ்டாம்ப் ஒட்டாதது, கோர்ட் ஃபீஸ் குறைந்தது எல்லாம் அவர் கண்ணில் நொடியில் படும்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஐம்பது வயது அண்ணன். எனக்கு அதிகம் கவலை தருபவர் அவர்தான். உங்களுக்கு முன்பே வந்தவர். சீனியர் அலுவலகத்தை உங்களிடம் கொடுத்தபோது அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? பெரியவர்களுக்கு மரியாதை இருக்கிறது, சின்னவர்களுக்கு வேறு இடம் போகலாம் என்ற வாய்ப்பு இருக்கிறது. நடுவில் இருப்பவருக்கு வீட்டுக் கடனும் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸும்தான் இருக்கின்றன. சின்னவர்களை அவர் குறை சொல்வதில் பாதி உங்கள் மேல் உள்ள வருத்தமாகவும் இருக்கலாம். லெட்டர்ஹெட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் வரட்டும். சிட்டி சிவில் கோர்ட் வேலை மொத்தத்தையும் அவர் பொறுப்பில் விட முடியுமா, ஃபீஸில் பங்கு எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள். நீங்களே முடிவு செய்துவிட்டுப் போய் அறிவிக்காதீர்கள். சீனியரிடம் பேசுவதற்கு முன்பே இவரிடம் பேசிவிடுங்கள். இந்தச் செய்தி சீனியர் வழியாக அவர் காதுக்குப் போகக் கூடாது.