அனுப்பிய கடிதம் எந்த மடையில் நிற்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்காக ஒரு சின்ன சர்வரில் மெயில்மேன் 2.1 என்ற மென்பொருளைப் போட்டு மின்னஞ்சல் குழு நடத்துகிறோம். பத்து நாளாக யார் எழுதினாலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை, எழுதியவருக்குத் திரும்பியும் வரவில்லை. வெப் பக்கம் மட்டும் நன்றாகத் திறக்கிறது, உறுப்பினர் பெயரெல்லாம் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டவே வேண்டாம். இப்போது அழித்தால் அந்தப் பத்து நாள் கடிதங்களும் சேர்ந்து போய்விடும். அவை பெரும்பாலும் தொலைந்திருக்காது, அதே சர்வரில் ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும். கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலைத் தூர்த்துவிட்டுப் புதிதாகவா வெட்டுவோம்? கரையோடு மேலே நடந்து எந்த மடையில் நிற்கிறது என்றுதானே பார்ப்போம், இதுவும் அந்த வேலைதான்.

வெப் பக்கம் திறப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தைக் காட்டுவது வெப் சர்வர். கடிதத்தை வாங்கி அனுப்புவது கியூரன்னர் என்கிற தனி புரோகிராம்கள். இவை செத்துக் கிடந்தாலும் பக்கம் திறக்கும். கடிதம் திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல துப்பு. மெயில்மேனிடம் ஒப்படைக்கும் இடத்திலேயே கோளாறு என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரியான மெயில் சர்வர் அதை எழுதியவருக்கே திருப்பியிருக்கும். ஆக, கடிதம் உள்ளே போய்விட்டது.

இப்போது கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும் கியூஃபைல்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். அதற்குள் இருக்கும் 'அவுட்' ஃபோல்டரில் பிசிகே என்று முடியும் கோப்புகள் குவிந்திருந்தால் வெளியே அனுப்புவதில் சிக்கல், எஸ்எம்டிபி-ஃபெயிலியர் லாகை, அதாவது அனுப்ப முடியாமல் போனதைக் குறித்து வைக்கும் பதிவேட்டைப் பாருங்கள். 'இன்'னில் குவிந்திருந்தால் வரும் கடிதங்களைக் கவனிக்கும் கியூரன்னரான இன்கமிங் ரன்னர் ஓடவில்லை. பாளையங்கோட்டை நண்பர்கள் குழுவில் எனக்கு நேர்ந்தது இதுதான். ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து சர்வர் பட்டென்று அணைந்துவிட்டது. காலையில் பார்த்தால் 'இன்'னில் 43 கோப்புகள், ஒன்றும் நகரவில்லை. முந்தின நாள் போட்ட மாஸ்டர் பூட்டுக் கோப்பு அப்படியே இருந்ததால், ஏற்கெனவே ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து மெயில்மேன் கிளம்ப மறுத்தது. மெயில்மேனைக் கிளப்பும் மெயில்மேன்சிடிஎல் கட்டளையை மைனஸ் எஸ் சேர்த்து ஸ்டார்ட் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் பூட்டுக் கோப்பில் எழுதியிருக்கும் புரோசஸ் எண்ணில் நிஜமாகவே ஏதாவது ஓடுகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பழைய பூட்டை எடுக்கும், அதனால் கையால் அழிப்பதைவிட இது பத்திரம். இன்னொன்று, ஒரு ரன்னர் திரும்பத் திரும்ப விழுந்தால் 10 தடவை எழுப்பிப் பார்த்துவிட்டு மெயில்மேன் கைவிட்டுவிடும், அது கியூரன்னர் லாகில் பதிவாகியிருக்கும்.

'ஷன்ட்'டில் கிடந்தால் கதை வேறு. பிழை வந்து பாதியில் ஒதுக்கப்பட்ட கடிதங்கள் அவை, காரணம் எரர் லாகில் இருக்கும்: டிஸ்க் நிரம்பியது, கோப்பு அனுமதி மாறியது (செக்_பெர்ம்ஸ் கட்டளையை ஓட்டினால் தெரியும்), இல்லையென்றால் பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ்த் தலைப்பு சிதைந்து யூனிகோட் பிழை. காரணத்தைச் சரிசெய்த பிறகுதான், ஒதுக்கியவற்றைத் திரும்ப வரிசையில் விடும் அன்ஷன்ட் கட்டளையைக் கொடுக்க வேண்டும், முன்னாலேயே கொடுத்தால் திரும்ப அங்கேயே வந்து விழும்.

மெயில்மேன் 3 வந்தது 2015இல், உங்கள் 2.1 நம்பியிருக்கும் பைத்தான் 2 என்கிற நிரல் மொழிக்கு ஆதரவு 2020இல் நின்றுவிட்டது. மாறத்தான் வேண்டும், ஆனால் இந்தக் கடிதங்களை மீட்ட பிறகு.

அப்புறம், மடையைத் திறப்பதற்கு முன்னால் ஷோ_கியூஃபைல்ஸ் கட்டளையால் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். திறந்தால் பத்து நாள் கடிதமும் ஒரே மூச்சில் எல்லோருக்கும் போகும். முடிந்துபோன கல்யாணத்துக்கு அழைப்பு இருந்தால் அந்தக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். யாராவது தவறிப்போன செய்தி இருந்தால் சர்வரை அப்படியே விட்டுவிட்டு, முதலில் அந்த வீட்டுக்குப் போன் பண்ணுங்கள்.