ஃப்ரீசரில் பாதிச் சமையல்: கேள்வி பதில்

வெளியில் வாங்கிச் சாப்பிடும் செலவைக் குறைக்க, வீட்டில் சமைத்து ஃப்ரீசரில் வைப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வருடமாக வேலைக்குப் போய்க்கொண்டே நாலு பேருக்குச் சமைக்கிறவள் நான். கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

அக்கா, வேளச்சேரியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இரவுச் சாப்பாடு வெளியில்தான், தினமும் 150 ரூபாய் ஆகிறது. முட்டை பொரியலைத் தவிர எதுவும் தெரியாது. எங்கே தொடங்குவது?

மாதம் 4,500 ரூபாய் தம்பி, வலிக்கத்தான் செய்யும். சாம்பார், குருமா என்று பெரிதாகப் போகாதீர்கள். வெங்காயம் தக்காளி வதக்கல் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும்.

ஒரு கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, தாராளமாக எண்ணெய் விட்டு, நன்றாகச் சிவக்க வதக்குங்கள். அவசரப்பட வேண்டாம், இதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகு இஞ்சி பூண்டு விழுது, ஒரு கிலோ தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது இறக்குங்கள். முழுக்க ஆறியதும் ஜிப் கவரில் போட்டுத் தட்டையாகப் பரப்பி, மேலே ஸ்கேலால் கட்டம் கட்டமாக அழுத்தி ஃப்ரீசரில் படுக்க வையுங்கள். உறைந்ததும் கடலை மிட்டாய் மாதிரி உடைத்து எடுக்கலாம்.

ஒரு துண்டோடு அவித்த முட்டை சேர்த்தால் முட்டைத் தொக்கு. வெந்த கொண்டைக்கடலை சேர்த்தால் சென்னா. வெந்த துவரம்பருப்பு சேர்த்தால் தக்காளிப் பருப்பு. சோற்றில் போட்டுக் கிளறினால் தக்காளி சாதம். வேலை முடிந்து வருகிறவனுக்குப் பத்து நிமிடம்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள், நினைவிருக்கிறதா? விலை ஏறுவதற்கு முன் வதக்கி வைத்த இரண்டு கவர்தான் அப்போது எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. மலிவாக வரும்போது வாங்கி வதக்கிவிடுங்கள்.

நான் சாம்பாரை அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன். வெளியே எடுத்தால் உருளைக்கிழங்கு ஸ்பாஞ்சு மாதிரி, குழம்பு தனி, தண்ணீர் தனி. என்ன தப்பு?

உங்கள் கைப்பக்குவத்தில் தப்பில்லை. காய்க்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து ஊசி ஊசியாகப் பனிக்கட்டி ஆகும்போது காயின் சுவரைக் கிழித்துவிடுகிறது. உருகியதும் தண்ணீர் வெளியே ஓடி, சக்கை மிஞ்சுகிறது. சுரைக்காய், பூசணி, சௌசௌ எல்லாமே இந்த ரகம்தான். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும் மோர்க்குழம்பும் திரிந்துபோகும்.

அதனால்தான் முழுக் குழம்பை வைக்காதீர்கள், பாதி வேலையை வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பருப்பை மட்டும் குழைய வேகவைத்துச் சின்ன டப்பாக்களில் உறைய வையுங்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள். காயை அன்றன்றைக்குப் போடுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி எல்லாம் அரைக் கிலோவாக ஊறவைத்து, ஒரே தடவை குக்கரில் ஏற்றி, வெந்த தண்ணீரோடு பிரித்து வைத்தால் கேஸும் மிச்சம்.

துருவிய தேங்காய்?

தாராளமாக. இரண்டு மாதம் தாங்கும். அரைக்கும்போது வெந்நீர் விட்டு அரையுங்கள்.

சோறு வடித்து உறைய வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அரிசி வேக இருபது நிமிடம்தானே? இதில் காசும் மிச்சமில்லை. அப்படியும் வைப்பதானால் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே தள்ளிவிடுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து வேகும் சூட்டிலும் சாகாது. சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. மதியச் சோற்றை இரவு வரை மேடையில் விட்டு, பிறகு ஃப்ரீசரில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே ஐஸ் மலையாகக் கட்டுகிறது. கரண்டும் அடிக்கடி போகும். இதிலெல்லாம் முடியுமா மேடம்?

முடியும், கணக்கை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவின் சின்ன அறை பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. அதில் நான் இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் வைத்ததில்லை.

ஐஸ் அரை செண்டிமீட்டர் கட்டினாலே அணைத்துவிட்டு உருக விடுங்கள். கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். நான் சுரண்டினேன். குழாயில் ஓட்டை விழுந்து கேஸ் வெளியேறியது. அந்த வருடம் மிச்சம் பிடித்ததெல்லாம் மெக்கானிக்குக்கே போயிற்று.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் வைத்தியம். நிறைந்த ஃப்ரீசர் காலி ஃப்ரீசரைவிட நெடுநேரம் குளிர் தாங்கும். ஊருக்குப் போகிறீர்களா? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கோழி, மீன் எப்படி?

ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து வைப்பதுதான் முக்கியம். மீனைக் கழுவி, டப்பாவில் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் காய்ந்துபோகாது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேடைமேல் வைத்து உருக்க வேண்டாம், வெளிப்புறம் கெட்ட பிறகும் உள்ளே கல்லாக இருக்கும்.

டப்பாமேல் பெயர், தேதி எல்லாம் எழுத வேண்டுமா?

பூண்டு விழுதைத் தேங்காய் விழுது என்று நினைத்துப் பாயசத்தில் போட்டவள் சொல்கிறேன், எழுதுங்கள். கண்ணாடி பாட்டிலானால் மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள். தண்ணீர் உறையும்போது உப்பும், பாட்டில் விரிசல் விடும்.

தனியாக டீப் ஃப்ரீசர் வாங்கலாமா?

நாலு பேர் வீட்டுக்கு வேண்டாம்.

என் மாமியார் ஃப்ரீசரில் இருந்து எடுத்தாலே "பழசு" என்று தொடமாட்டார். என்ன செய்வது?

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. முழுக்கச் சமைத்து வைத்ததில் வாசனை போய்விடும். ஆனால் வருடம் முழுக்க வடகமும் வத்தலும் ஊறுகாயும் போட்டு வைத்திருப்பவரும் அவர்தானே? அவருடைய ஃப்ரீசர் மொட்டைமாடி, அவ்வளவுதான். சண்டை வேண்டாம். தாளிப்பை மட்டும் எப்போதும் அன்றைக்கே செய்யுங்கள். உறைந்த பருப்பில் சூடாக நெய், கடுகு, பெருங்காயம், பச்சைக் கறிவேப்பிலை விழுந்தால் அந்த வாசனை கூடம் வரை போகும். அவர் போட்ட வடகத்தையே தாளித்தால் இன்னும் நல்லது. டப்பாவை முதலிலேயே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.