ஒன்றுமில்லாத ஊர்

டீச்சருக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். ஈப்போவில் வேலை. வருகிற மே மாதம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலுக்குச் சைக்கிள் பயணம் போகிறேன். செயின்ட் ஐவ்ஸில் தொடங்கி, செங்குத்தான பாறைக் கடற்கரையை ஒட்டியும், மூர் என்கிற மரமில்லாத மேட்டுநிலத்தின் வழியாகவும் லேண்ட்ஸ் எண்ட் வரை போகத் திட்டம். கடலோரப் பாதையிலேயே ஓட்டிக்கொண்டு, பிடித்த இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறேன். சரியாக வருமா? என்ன கியர் வைத்த சைக்கிள் வாங்கலாம்?

நம் ஊரில் ஓட்டிப் பார்க்க என்ன இருக்கிறது டீச்சர்? எங்கே திரும்பினாலும் செம்பனை, லோரி, தூசி. மனிதன் கைபடாத இயற்கையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். “நாங்க சைக்கிள்ல பட்டது போதாதா, நீ காசு கொடுத்து வேற மிதிக்கணுமா” என்கிறார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? திரும்பி வந்து பயணக் கட்டுரை எழுத ஆசை. எப்படித் தொடங்க வேண்டும்?

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

கேட்டதற்கெல்லாம் முதலில் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன். கடலோரப் பாதையில் சைக்கிளை ஏற்றாதே. 630 மைல் நீளும் அந்தப் பாதை நடப்பவர்களுக்கானது. அந்த நாட்டில் குதிரைப் பாதையில் சைக்கிள் போகலாம், நடைபாதையில் போக உரிமையில்லை. உனக்கு வாய்த்தது செயின்ட் ஐவ்ஸையும் செயின்ட் ஜஸ்டையும் இணைக்கும் பி3306 சாலை. கடலுக்கும் மேட்டுக்கும் நடுவில் அதுவே வளைந்து வளைந்து போகிறது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஆகவே உன் திட்டத்தைத் திருப்பிப் போடு. லண்டனிலிருந்து ரயிலில் பென்சான்ஸ் போய் இறங்கு, லேண்ட்ஸ் எண்டைப் பார்த்துவிட்டுச் செயின்ட் ஐவ்ஸை நோக்கி வா. ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். நிலத்துக்காரரைக் கேட்காமல் கூடாரம் அடிக்கக் கூடாது. படங்களில் தெரிகிற ஊதா நிறம் ஹெதர் பூவினுடையது, அது ஆகஸ்டில்தான் நிறைந்து பூக்கும். மே மாதத்தில் முள்புதர்களில் மஞ்சள் பூ இருக்கும், அதுவும் அழகுதான். அந்த மேட்டின் உச்சியே 252 மீட்டர்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சாலை ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறும், தொடை கழன்றுவிடும். கியர் விஷயத்தைச் சைக்கிள் கடைக்காரரிடம் கேள்.

சரி. இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். ‘மனிதன் கைபடாத இயற்கை’ என்று எழுதியிருக்கிறாய். போகிற இடத்தைப் பற்றி ஒரு பக்கமாவது படித்தாயா தம்பி? நீ ஓட்டப்போகிற அந்தக் கடற்கரை முழுக்க ஈயச் சுரங்கம், டின் என்கிற வெள்ளீயம். போட்டாலக்கில் பாறைச் சரிவின் அடியில், அலை தெறிக்கிற இடத்தில், இரண்டு கல் கட்டடங்கள் புகைபோக்கியோடு நிற்கின்றன. எல்லாரும் படம் பிடிக்கிற காட்சி அது. சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கவும் கல்லை மேலே இழுக்கவும் நீராவி இயந்திரம் ஓடிய கட்டடங்கள் அவை. பக்கத்தில் லெவன்ட் சுரங்கம். கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் கடலுக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆட்கள் இறங்கி ஏற, மேலும் கீழும் ஆடுகிற நீண்ட கம்பம் ஒன்று இருந்தது. அதில் படிப்படியாகத் தாவி ஏற வேண்டும். 1919 அக்டோபர் 20ஆம் தேதி, வேலை முடிந்து ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அது முறிந்தது. 31 பேர் செத்தார்கள். நீ சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப்போகிற இடம் அது.

கடற்கரைதான் அப்படி, மேடாவது இயற்கையாயிற்றே என்று சொல்லாதே. அந்த மேட்டில் மரமில்லாமல் போனதும் மனிதனால்தான். வரலாற்றுக்கு முந்தைய காலத்திலேயே காட்டை வெட்டி மாடு மேய்த்தார்கள். அப்புறம் அடுப்பெரிக்க முள்செடியை வெட்டினார்கள், புல்லோடு மண்கட்டியைப் பெயர்த்தார்கள். மேய்ச்சலும் வெட்டும் நின்றால் புதரும் மரமும் திரும்ப வந்துவிடும். ஸென்னர் பக்கத்தில் சின்னச் சின்ன வயல்களுக்கு நடுவே கல்வேலிகளைப் பார்ப்பாய். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதே வேலிகளுக்குள் மாடு மேய்கிறது. உழைத்து உழைத்து உண்டாக்கிய நிலம் தம்பி அது. ஆள் போய்விட்டால் நிலம் காலியாகத் தெரியும், அவ்வளவுதான்.

என் மகள் அந்தப் பக்கம் படித்தபோது நான் போயிருக்கிறேன். கீவர் என்று ஒரு சுரங்கம், 1990இல் மூடியது, இப்போது அருங்காட்சியகம். அங்கே தொழிலாளர்கள் உடை மாற்றுகிற அறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். கடைசி ஷிப்டில் கழற்றிய உடுப்புகளும் பூட்ஸுகளும் இன்னும் இருக்கின்றன, சிவப்பு மண் கறையோடு. சுற்றிக் காட்டியவர் அங்கேயே வேலை பார்த்த முன்னாள் தொழிலாளி. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பேராக் என்றேன். உடனே “கிந்தா!” என்றார், ஈப்போவைச் சுற்றிய நம் ஈயப் பள்ளத்தாக்கின் பெயரை. ஐவ்ஸையும் ஜஸ்டையும் தாண்டி எதுவும் தெரியாதவர் என்று நான் நினைத்த மனிதர் கோப்பெங், கம்பார் என்று ஊர்ப்பெயர்களை அடுக்கினார். தெரியாமல் எப்படி இருக்கும்? கோப்பெங்கில் ஈயம் எடுத்த கம்பெனிகளுக்குக் கார்ன்வாலின் ரெட்ரூத் ஊரில்தான் அலுவலகம் இருந்தது. கேம்போர்ன் சுரங்கப் பள்ளியில் படித்தவர்கள் இங்கே வந்து பொறியாளர்களாக வேலை பார்த்தார்கள். கிந்தாவின் ஆற்று மண்ணில் ஈயம் மலிவாகக் கிடைத்ததும், பாறையைக் குடைந்து எடுத்த அவர்களுடைய ஈயம் விலை போகவில்லை. அங்கே சுரங்கம் மூட, குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். அப்புறம் 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்தபோது அங்கே கீவருக்கும் கிந்தாவின் ஈயக் குட்டைகளுக்கும் ஒரே அடி விழுந்தது. நீ ஒன்றுமில்லை என்று சொல்லும் ஊருக்கும் எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் ஊருக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உன் அப்பாவின் விஷயம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார், முதலில் அதைச் செய்தது தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக. அடுத்த பத்து ஆண்டுகளில் உலகமே சைக்கிளில் ஏறியது, ரப்பருக்குத் தேவை எகிறியது. அதற்கு முன்பே, 1877இல், பக்கத்துக் கோலகங்சாரில் கித்தா என்கிற ரப்பர்க் கன்று நட்டாயிற்று. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றைக்கும் அங்கே நிற்கிறது. பின்னால் மோட்டார் காரும் வந்து சேர, காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். நம் தாத்தா பாட்டிமாரைக் கப்பலில் ஏற்றி அழைத்து வந்தது அந்தத் தேவைதான்.

என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். நாலு மணிக்கு எழுந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கோடு தன் நிரையில், தனக்கு ஒதுக்கிய மரவரிசையில், இறங்குவார். மரத்தில் கட்டிய மங்குக் கோப்பைகளில் பால் நிறைந்து வாளியில் சேர்த்த பிறகு, சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் வாளிகளைக் கட்டுவார். கட்டுவதற்குக் கயிறு கிடையாது. பழைய டியூபை நீளக் கீற்றாகக் கத்தரித்து வைத்திருப்பார், கறுத்து, பால் காய்ந்து அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். மேட்டுநிரை செம்மண் சாலையில் மழை பெய்துவிட்டால் மிதிக்க முடியாது. ஹாண்டிலை ஒரு கையிலும் வாளி விளிம்பை மறு கையிலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார். சிந்தினால் சம்பளத்தில் போகும். ஸ்டோரில் நிறுக்கிற கிராணி என்கிற கணக்கர் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எழுதுவார், கேட்க முடியாது. அம்மாவுக்குச் சைக்கிள் கிடையாது. தலையில் துணி கட்டிக்கொண்டு, காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு வாளியையும் நடந்தே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கீவரில் ஒரு பழைய படத்தின் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். சுரங்கத்துக்கு மேலே, தலையை மூடித் துணி கட்டிய பெண்பிள்ளைகள் சுத்தியலால் தாதுக் கல்லை உடைக்கிறார்கள். அவர்களின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது யோசி. உன் அப்பாவுக்கு எதைப் ‘புரிய வைக்க’ப் போகிறாய்? சைக்கிள் என்றால் அவருக்கு வாளியின் பாரம். மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்றைக்குத்தான் அவர் தலை நிமிர்ந்திருப்பார். இன்றைக்கும் நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காலையில் சைக்கிளில் போவது யார்? வங்காளதேசத்துப் பிள்ளைகள், நேப்பாளிப் பிள்ளைகள், இந்தோனேசியர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தன்னுடைய பழைய நாட்கள் அவருக்கு நினைவுக்கு வரும். மகன் ஆசைக்காக மிதிக்கிறான் என்பது அவருக்கு உறுத்தத்தான் செய்யும். அதற்காக நீ போகாமல் இருக்க வேண்டாம் கண்ணா. போ, நன்றாகப் போய் வா. உன் தலைமுறைக்கு மிதிப்பது சந்தோஷமாக ஆகியிருப்பதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. அவரைத் திருத்துகிற வேலையை மட்டும் விட்டுவிடு.

புறப்படும் முன்பு ஒரு காரியம் செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய எழுந்து, சிம்மோர் வழியாக ஈப்போ வந்து பசியாறிவிட்டு, பத்து காஜா தாண்டித் தஞ்சோங் துவாலாங் சாலையில் போ. பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகிற சாலையில் இருக்கும் கெல்லி மாளிகையை எல்லாரும் பார்ப்பார்கள். நீ சற்றுத் தள்ளி இருக்கிற மாரியம்மன் கோயிலைப் பார். மாளிகை கட்ட வந்த நம் ஆட்கள் நோயில் விழுந்தபோது எழுப்பிய கோயில், கூரையில் சாமிகளோடு மாளிகைக்காரக் கெல்லி துரையின் சிலையும் நிற்கிறது. அப்புறம் ஈயக் கப்பல். 1938இல் கட்டி, 1982 வரை குட்டைக்குள் மிதந்தபடி மண்ணை வாரிய 4,500 டன் இரும்பு. போட்டாலக்கின் புகைபோக்கிகளைக் காண ஆறாயிரம் மைலுக்கு மேல் பறக்கிறவன் இதைப் பார்க்காமல் போகக் கூடாது.

அப்பாவைக் காரில் பின்னால் வரச் சொல். கப்பலடியில் நிழல் பார்த்து உட்காரவைத்து அவரிடம் கேள். எந்த நிரை வெட்டினார், முதல் சைக்கிளை யாரிடம் வாங்கினார், தவணை எவ்வளவு, தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது லயத்து வீட்டிலிருந்து என்னென்ன எடுத்து வந்தார். குறுக்கே பேசாதே. அவர் சொன்னதை அன்று ராத்திரியே எழுதிவிடு. எப்படித் தொடங்குவது என்று கேட்டாயே, அதுதான் முதல் அத்தியாயம். அதை எனக்கு அனுப்பு. கார்ன்வாலில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதை அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்