கணினி மாற்றினால் திரை இருள்கிறதா? மானிட்டரைக் குறை சொல்லாதீர்கள்

செங்காங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் வீவக வீட்டில் ஒரே ஒரு மேசைக்குத்தான் இடம். என் அலுவலக மடிக்கணினி, வீட்டு டெஸ்க்டாப், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகனின் எம்1 மேக்புக் ஏர், மூன்றுக்கும் சேர்த்து 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று. போன மாதம் எச்டிஎம்ஐ கேவிஎம் சுவிட்ச் (ஒரே திரை, கீபோர்டு, மவுஸைப் பல கணினிகளுக்கு மாற்றிவிடும் பெட்டி) வாங்கி இணைத்தோம். இப்போது கணினி மாற்றும்போதெல்லாம் திரை கறுத்துப்போகிறது. சில காலைகளில் டெஸ்க்டாப் 1024க்கு 768 என்று எழுத்தெல்லாம் பூதாகரமாகக் காட்டுகிறது. அலுவலகக் கணினியில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. திறந்துவைத்த எக்செல் எல்லாம் மடிக்கணினியின் சின்னத் திரைக்கு ஓடிவிடுகிறது. கடையில் மானிட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா? இன்னொரு மானிட்டர் சேர்க்கவும் ஆசை."

மாற்றாதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட மானிட்டரின் நோயாகத் தெரியவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்: சுவிட்சை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கணினியையும் ஒரே கேபிளால் நேரடியாக மானிட்டரில் செருகிப் பாருங்கள். மூன்றிலும் படம் ஒழுங்காக வந்தால் மானிட்டர் குற்றமற்றது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யார் எதை வாங்கச் சொன்னாலும் வாங்கவேண்டாம்.

கேவிஎம் சுவிட்சைத் தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி நினைக்கிறோம். இந்தப் பக்கம் திருப்பினால் இந்தக் கணினி, அந்தப் பக்கம் திருப்பினால் அந்தக் கணினி. ஆனால் எச்டிஎம்ஐ கேபிளில் படம் ஒரு திசையில் போனாலும் பேச்சு இரு திசையிலும் நடக்கிறது. கணினி கேபிளின் 18ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) 5 வோல்ட் அனுப்பும். மானிட்டர் 19ஆம் பின்னை உயர்த்தி "நான் இருக்கிறேன்" என்று சொல்லும். அப்புறம் கணினி மானிட்டருக்குள் இருக்கும் இடிஐடி என்ற சிறிய தகவல் தொகுப்பைப் படிக்கும். அடிப்படைத் தொகுப்பு வெறும் 128 பைட், இன்றைய மானிட்டர்களில் கூடுதலாக இன்னொரு 128 இருக்கும். மானிட்டர் யார் செய்தது, என்ன அளவு, எத்தனை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை முறை படம் மாறும்) தாங்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மலிவான சுவிட்சுகள் பல, திருப்பியதும் மற்றக் கணினிகளுக்கு இந்தப் பேச்சை அடியோடு வெட்டிவிடும். அந்தக் கணினியைப் பொறுத்தவரை யாரோ மானிட்டரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் எக்செல் ஓடிப்போவது இதனால்தான். இல்லாத திரையில் விண்டோவை வைத்திருக்க முடியாதே. டெஸ்க்டாப் தொடங்கும் நேரத்தில் சுவிட்ச் வேறு பக்கம் இருந்தால், அது இடிஐடி கேட்கும், பதில் வராது. எந்த மானிட்டரும் தாங்கும் 1024க்கு 768இல் பாதுகாப்பாக நின்றுவிடும்.

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் இதை நேரில் பார்த்தேன். பில் போடும் கணினியும் கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டரும் ஒரே மானிட்டரில். தினமும் காலையில் பில் மென்பொருளின் "சேமி" பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். இரண்டு முறை கேபிள் மாற்றியிருந்தார்கள். காசாளர் அம்மா கடையைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது: முதலில் கேமராவைப் பார்ப்பார், சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கும்போதே கணினியின் பொத்தானை அழுத்துவார். "அக்கா, நாளைக்கு முதலில் சுவிட்சைத் திருப்பிட்டு அப்புறம் கணினியைப் போடுங்க" என்றேன். மறுநாள் பொத்தான் திரைக்குள் இருந்தது.

நீங்களும் இன்றே அதைச் செய்யலாம். காசு செலவில்லை. மறந்துபோய்ச் சிக்கிக்கொண்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், பல நேரம் பழைய அளவு திரும்பிவிடும். விண்டோஸ் 11 என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியைத் திறந்து, மானிட்டர் இணைப்பின்படி விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது எக்செல் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

நிரந்தரத் தீர்வு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் இடிஐடி எமுலேஷன் உள்ள சுவிட்ச். நீங்கள் வேறு கணினியில் இருக்கும்போதும், மானிட்டருக்குப் பதிலாக அதுவே "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இருக்கும் சுவிட்சையே வைத்துக்கொள்ள விரும்பினால், கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் செருகும் விரல் நீள இடிஐடி எமுலேட்டர் தனியாகக் கிடைக்கிறது. 4கே 60 ஹெர்ட்ஸ் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எமுலேஷன் வந்தபிறகு மடிக்கணினி, பெரிய திரை எப்போதும் இருப்பதாகவே நம்பும். மகன் மானிட்டரைப் பயன்படுத்தும்போது நீங்கள் மடிக்கணினியின் சொந்தத் திரையில் வேலை செய்தால், சில விண்டோக்கள் கண்ணுக்குத் தெரியாத திரையில் திறக்கும். அப்போது விண்டோஸ் பொத்தானுடன் பி (P) அழுத்தி, கணினித் திரை மட்டும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது இரண்டு மூன்று வினாடி திரை கறுப்பது மட்டும் எந்தச் சுவிட்சிலும் இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மவுஸ் இழுபடுவது வேறு கதை. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு அனுப்ப வினாடிக்குக் கிட்டத்தட்ட 18 ஜிகாபிட் வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 அதைத் தரும். எச்டிஎம்ஐ 1.4இன் உச்சமே 10.2 ஜிகாபிட், அதில் 4கே 30 ஹெர்ட்ஸுக்குத்தான் இடம். படம் வினாடிக்கு 30 முறை மட்டும் மாறுவதால்தான் மவுஸ் இழுபடுவதாகத் தெரிகிறது. உங்கள் சுவிட்ச் 1.4 வகையாக இருக்கலாம், அல்லது மடிக்கணினிக்கும் அதற்கும் நடுவில் உள்ள அடாப்டர் அப்படி இருக்கலாம். நேரடியாகச் செருகும்போது 60 வந்து, சுவிட்ச் வழியாக 30 வந்தால் பதில் கையில் இருக்கிறது. தற்காலிகமாக 2560க்கு 1440, 60 ஹெர்ட்ஸ் என்று இறக்கிவையுங்கள். எழுத்தின் கூர்மை சற்றே குறையும், மவுஸ் வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. பெட்டியில் 4கே 60 என்று அச்சிட்டிருப்பார்கள், உள்ளே 4:2:0 முறையில் நிறத் தகவலைக் கால்பங்காகக் குறைத்து அனுப்புவார்கள். படம் பார்க்கும்போது தெரியாது. எக்செல்லில் ஒரு கட்டத்துக்கு நீலப் பின்னணி கொடுத்து, சிவப்பில் சின்ன எழுத்தாக உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஓரங்கள் மழையில் நனைந்த தாள் மாதிரி கசிந்தால் அதுதான். விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கமும் நிற வடிவத்தைக் காட்டும், அங்கே ஆர்ஜிபி என்று இருக்கவேண்டும். கணக்கு வேலை செய்கிறவர் நாள் முழுக்க இந்தக் கசிவைப் பார்த்தால் கண் என்ன ஆகும்?

கேபிளை மறக்காதீர்கள். கணினியிலிருந்து சுவிட்ச் வரை 3 மீட்டர், அங்கிருந்து மானிட்டர் வரை 2 மீட்டர் என்றால் சிக்னல் கடப்பது 5 மீட்டர். 18 ஜிகாபிட்டுக்குச் சாதாரண கேபிளில் அது அதிகம். சுவிட்சை மேசைமேலேயே வைத்து, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கேபிளாக மாற்றுங்கள்.

இரண்டாவது மானிட்டருக்கு இரட்டைத் திரை கேவிஎம் வேண்டும். ஒவ்வொரு கணினியிலிருந்தும் இரண்டு வீடியோ கேபிள் வரும். மகனின் எம்1 ஏர் வெளியே ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும், எம்2வும் அப்படியே. அவருக்காக வாங்குவதாக இருந்தால் பணம் வீண். உங்கள் இரண்டு கணினிகளுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். அலுவலகக் கணினியில் புதிய யுஎஸ்பி சாதனங்களைத் தடுத்துவைத்திருக்கலாம், ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, சுவிட்சின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 4கே 60 என்று அச்சிட்டிருந்து உங்களுக்குக் கிடைப்பது 30தான் என்றால், நேரடி இணைப்பில் ஒன்று, சுவிட்ச் வழியாக ஒன்று என்று டிஸ்ப்ளே பக்கத்தை இரண்டு படம் எடுத்துக்கொண்டு, ரசீதுடன் கடைக்குப் போங்கள். 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. நீங்கள் வாங்கி ஒரு மாதம்தானே ஆகிறது.