முப்பத்தைந்து பிஎஸ்ஐ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புல்லிலும் சேற்றிலும் மணலிலும் சுற்றுச் சுற்றாக சைக்கிள் ஓட்டும் சைக்கிளோகிராஸ் போட்டியில் இது என் இரண்டாவது பருவம். இதுவரை 7 போட்டிகளில் ஓட்டியிருக்கிறேன். 50 பேர் கிளம்பினால் 40-ஆவதோ 42-ஆவதோதான் வருகிறேன். முதல் சுற்றில் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறேன். மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடுகிறது. போன வாரம் முதலிடத்தில் இருந்தவர் ஒரு முழுச் சுற்று முந்தி என்னைக் கடந்து போனார். பாதையின் எல்லையாகக் கட்டிய நாடா ஓரமாக இறங்கி நின்று வழிவிட்டேன். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

வயது 38, எடை 72 கிலோ. டயர் 33 மி.மீ. அகலம், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ். காலையில் வீட்டிலேயே 35 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துக்கொண்டுதான் கிளம்புவேன், அந்த விஷயத்தில் குறை வைப்பதில்லை. வாரம் 4 நாள் பயிற்சி செய்கிறேன். அடுத்த பருவத்துக்கு இரண்டாவது சைக்கிள் ஒன்று வாங்கி பிட்டில், அதாவது போட்டி நடுவே சைக்கிள் மாற்றும் இடத்தில், வைக்கலாமா? கார்பன் சக்கரமா, மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரா? பாதைக்குக் குறுக்கே வைக்கும் பலகைகளை சைக்கிளிலிருந்து இறங்காமலே குதித்துத் தாண்டப் பழகலாமா? அல்லது இந்த விளையாட்டு என் உடம்புக்கு ஆகாது என்று விட்டுவிடுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பருவம் பாதி கடந்ததும் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: கால் போதவில்லை. இது ஏன் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போன ஒரே வரியில்.

மற்றவற்றை முதலில் தள்ளிவைக்கிறேன். பவர் மீட்டர் வேண்டாம். போட்டியில் அதைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் நாடாவுக்குள் போய் விழுவீர்கள். கார்பன் சக்கரம் வேண்டாம். பலகையைக் குதித்துத் தாண்டுவதா? 2005-லும் 2013-லும் உலகச் சாம்பியனான ஸ்வென் நைஸ் தாண்டினார், பார்க்க அழகாகத்தான் இருக்கும். விதிப்படி அந்தப் பலகை 40 செ.மீ. வரை உயரம் இருக்கலாம். ஒன்றுக்கு அடுத்து இன்னொன்று. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்சக்கரம் இரண்டாவது பலகையில் தட்டினால் ஹாண்டில்பாருக்கு மேலாகப் பறப்பீர்கள். இறங்கி ஓடுங்கள். நன்றாக இறங்கி, நன்றாக ஏறத் தெரிந்தவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன். 35 பிஎஸ்ஐ! அதுவும் வீட்டில் அடித்தது! இதில் ‘குறை வைப்பதில்லை’ என்கிறீர்கள். ஐயா, இந்த விளையாட்டே அந்தக் குறையில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 81 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரத்தின் மேல் சுமார் 36 கிலோ இறங்கும். டயர் தரையில் பதியும் பரப்பு, ஏறத்தாழ, எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது. 35 பிஎஸ்ஐயில் அது 15 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. 24-இல் 21-ஐத் தாண்டும். அதே டயர், அதே மனிதர், தரையைப் பிடிக்கும் இடம் மட்டும் ஒன்றரை மடங்கை நெருங்குகிறது. ஈரப்புல்லில் சாய்ந்து திரும்பும்போது டயர் ஓரத்து ரப்பர்க் குமிழ்கள் வளைந்துகொடுத்து மண்ணைக் கவ்வ வேண்டும். கல்லாக இறுகிய டயரில் அவை வளையாது. இரண்டு மூன்று குமிழ் மட்டும் தரையைத் தொடும், சக்கரம் வழுக்கும்.

நீங்கள் விழவில்லையே என்பீர்கள். விழ மாட்டீர்கள், ஏனென்றால் ஒருமுறை வழுக்கியதும் உடம்பு கற்றுக்கொண்டுவிடும். அடுத்த வளைவில் உங்களைக் கேட்காமலே கை பிரேக்கைப் பிடிக்கும். இங்கேதான் உங்கள் கால் போகிறது. உங்களுக்கு முன்னால் போகிறவர் வளைவில் 14 கி.மீ. வேகத்தோடு நுழைகிறார், நீங்கள் 10-க்கு இறக்கிவிடுகிறீர்கள். வெளியே வந்ததும் இருவரும் 20-க்கு ஏற வேண்டும். உங்கள் 81 கிலோவை அந்த வேகத்துக்குக் கொண்டுவர அவரைவிட ஏறக்குறைய 300 ஜூல் அதிகம் செலவாகும். ஒரு வளைவுக்கு அது ஒன்றுமில்லை. சுற்றுக்கு 30 வளைவு, 6 சுற்று என்று வையுங்கள்: 54,000 ஜூல். சைக்கிளையும் உங்களையும் சேர்த்து 68 மீட்டர் உயரத்துக்கு, அதாவது இருபது மாடிக்கு மேலே, தூக்கிக்கொண்டு போகும் வேலை அது. போட்டி ஓட்டிக்கொண்டே நடுநடுவே இருபது மாடி ஏறுகிறவருக்கு மூன்றாவது சுற்றில் கால் கல்லாகாமல் என்ன செய்யும்? இதற்கு வாரம் 4 நாள் பயிற்சியை 6 நாளாக்குகிறேன் என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். உடம்பைக் குறை சொல்வது நமக்கு மிகவும் எளிதாக வருகிறது. பாவம், அது வாய் திறந்து பதில் சொல்லாது.

நேரான புல்வெளியில்கூட இதே கதைதான். இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் உங்களைத் தூக்கிப் போடும். அப்படி மேலே தூக்கப்பட்ட எடைக்கெல்லாம் கணக்குக் கொடுப்பது முன்னால் போகும் வேகம்தான். தார்ச்சாலையில் விரலால் அழுத்திப் பார்த்து ‘நல்லா ஏறியிருக்கு’ என்று சொன்ன பழக்கத்தை மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

அடுத்து, எங்கே வைத்து அளப்பது. வீட்டுக்குள் 20 டிகிரி, மைதானத்தில் 5 டிகிரி என்றால் 24 அடித்த டயர் அங்கே 22-தான் இருக்கும். உங்கள் 35 அங்கே 32 சொச்சம். குளிர் உங்கள் மேல் இரக்கப்பட்டு இரண்டு பிஎஸ்ஐ எடுத்துவிட்டிருக்கிறது, நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வீட்டில் கொஞ்சம் கூடுதலாக அடித்துக்கொண்டு போங்கள். சைக்கிளை இறக்கி வெளியில் அரை மணி நேரம் நிற்க விட்ட பிறகுதான் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் டயரில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து அளப்பது என்பது இன்னொரு தொல்லை. 160 பிஎஸ்ஐ வரை காட்டும் பம்பின் முள் 20-இல் சொல்வதை நம்பக் கூடாது. 0 முதல் 30 வரை மட்டும் காட்டும் சிறிய கேஜ் ஒன்று வாங்குங்கள், உங்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் உண்மையில் தேவையான ஒரே பொருள் அதுதான். அது ஒரு பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே தப்பைக் காட்டினால் போதும். எப்போதும் அதே கேஜ், நண்பருடையதை இரவல் வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை வால்வில் வைக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் மேலிருந்து இறக்கி வருவதே வசதி.

உங்கள் எடைக்கும் உங்கள் டயருக்கும் முன்னால் 26, பின்னால் 28-இல் தொடங்குங்கள். போட்டிக்கு முன் பாதையைச் சுற்றிப் பார்க்க நேரம் கொடுப்பார்களே, அதை அரட்டையில் கழிக்காதீர்கள். முதல் சுற்று மெதுவாக, எங்கே வேர், எங்கே கல் என்று பார்த்துக்கொண்டு. இரண்டாவது சுற்று போட்டி வேகத்தில். ரிம் எங்கேயும் தட்டவில்லையா? இரண்டிலும் 2 இறக்குங்கள். இன்னொரு சுற்று. இப்படி இறக்கிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில், மோசமான அந்த ஒரு வேரில், ரிம் மெல்லத் தட்டுவது கையில் தெரியும். அங்கிருந்து 1 ஏற்றுங்கள். ஒன்று ஏற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இப்போது நீங்கள் புதிதாக இருக்கிறீர்கள், வேரைப் பார்த்ததும் சீட்டிலிருந்து எழுந்து உடம்பை லேசாக்குகிறீர்கள். ஐந்தாவது சுற்றில் மூட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டே அதன்மேல் ஏறுவீர்கள்.

உங்களுக்கு அநேகமாக முன்னால் 22, பின்னால் 24-ஐ ஒட்டி வந்து நிற்கும். சேறு என்றால் இன்னும் ஒன்றிரண்டு குறைக்கலாம், மணலிலும் அப்படியே. உறைந்து இறுகிய சக்கரத்தடங்களும் கற்களும் நிறைந்த பாதை என்றால் இரண்டு மூன்று கூட்டுங்கள். டியூபுலர், அதாவது ரிம்மில் பசையால் ஒட்டும் டயர், ஓட்டுகிறவர்கள் இன்னும் கீழே போவார்கள். ரிம்மின் கூரான உதடு அதில் இல்லை, டயரை ஒட்டியும் இருப்பார்கள். அந்த ஒட்டுவேலை ஒவ்வொரு பூச்சும் ஓர் இரவு காய வேண்டிய தனிக்கலை. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

டியூப்லெஸ்ஸில் எல்லை மீறிப்போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேகமான வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு ஒரு கணம் தூக்கி, ‘புஸ்’ என்று பாதிக் காற்றைத் துப்பிவிடும். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் ரிம் ஓரத்தில் ஈரமாகக் கசிந்திருந்தால் அது நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே ஓர் அறிகுறி வரும்: கெட்டியான தரையில் திரும்பும்போது பின்பக்கம் வால் ஆட்டுவதுபோல் நெளியும். அது வந்தால் 2 ஏற்றுங்கள். சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பருவமோ அதைவிட நீளம். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப்பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் 40 முதல் 60 மில்லி ஊற்ற வேண்டும்.

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நோட்டில் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: தரை எப்படி, வெயிலா குளிரா, எந்த டயர், முன்னும் பின்னும் எத்தனை பிஎஸ்ஐ. ஒரு பருவம் எழுதினால் அடுத்த பருவத்தில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. எனக்கும் கடிதம் மிச்சம்.

அந்த நாடா ஓரத்து விஷயம். அதைப் படித்தபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகம் வந்தது. யார் உங்களை இறங்கி நிற்கச் சொன்னது? நீங்களும் பதிவு செய்து, எண் குத்திக்கொண்டு வந்தவர். வேகமாக வருகிறவருக்கு வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று தெரிய வேண்டும். பிடித்த கோட்டை விடாமல் ஒரே சீராகப் போங்கள், ‘இடது’ ‘வலது’ என்று அவர் குரல் கொடுத்தால் மற்ற பக்கம் ஒதுங்குங்கள், அவர் வழியை அவர் பார்த்துக்கொள்வார். திடீரென்று பிரேக் போட்டு இறங்குகிறவர்தான் ஆபத்து. 2.5 முதல் 3.5 கி.மீ. வரை நீளமுள்ள பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றும் போட்டியில் கடைசிக் கூட்டத்தை முதலாமவர் பிடிப்பது வெறும் வடிவியல், அவமானம் இல்லை. சிரித்தவர்களை விடுங்கள். நாடாவுக்கு வெளியே நின்று கத்துவதும் கேலி செய்வதும் இந்த விளையாட்டில் பாதி, முதலில் போகிறவரையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

ஏறி இறங்குவதைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் உங்களுக்கும் வேலை இருக்கும் என்று நினைக்கிறேன். வலது காலை சீட்டுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, வலது கையை மேல்குழாயில் ஊன்றி, கடைசி நொடியில் இடது காலைக் கழற்றி ஓட்டமாகவே தரையில் இறங்க வேண்டும். நின்று இறங்குவதில்லை. ஏறும்போது சீட்டின் மேல் குதிக்கக் கூடாது, தொடையின் உட்பக்கம் பட்டு வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஏறுவதற்கு முன் இரண்டு குட்டி எட்டு வைத்துத் தடுமாறும் பழக்கம் பலருக்கு உண்டு, வேகம் முழுதும் அங்கே செத்துவிடும். வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம், புல்லில், நடை வேகத்தில் பழகினால் போதும். காற்றைச் சரி செய்த பிறகு.

பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள். மணல் கலந்த சேற்றில் பிசின் கலந்து செய்த ரெசின் பேடுகள் ஒரே போட்டியில் தேய்ந்து தகடு தெரிந்துவிடுவது உண்டு. அந்த மாதிரி நாளுக்கு உலோகத்தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் போடுங்கள்.

இரண்டாவது சைக்கிளைக் கேட்டிருந்தீர்கள். பிட்டில் அதை உங்களிடம் கொடுத்துவிட்டு, சேறு அப்பிய முதலாவதை வாங்கிக் கழுவி, அரைச் சுற்றில் மறுபடி தயாராக நீட்ட ஓர் ஆள் வேண்டும். ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் அது பருவம் முழுக்கச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒரு ஜோடி மாற்றுச் சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள், கேசட் என்ற பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி ஒன்றேயாக இருக்கட்டும், பிரேக் டிஸ்க் உரசாமல் முன்கூட்டியே ஷிம் என்ற மெல்லிய வளையம் வைத்துச் சரிபாருங்கள்.

விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லப் போவதில்லை. அடுத்த போட்டி முடிந்து சைக்கிளைக் கழுவுவதற்கு முன், அங்கேயே, கேஜை வைத்து முன்னும் பின்னும் அளந்து எழுதி அனுப்புங்கள். 30-க்கு மேல் ஓர் எண்ணைப் பார்த்தால் பதில் போட மாட்டேன்.