எண்ணாமலே எண்ணுவது எப்படி?

கீரிப்பாறைப் பக்கத்துக் காட்டில் எத்தனை மிருகம் என்று ஒவ்வொன்றாக எண்ணாமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஓலைப்பெட்டி கொல்லாங்கொட்டை போதும். 50 கொட்டைக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, திரும்பப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். அப்புறம் கண்ணை மூடி 40 எடுங்கள். அதில் 4 பொட்டுக்கொட்டை வந்தால் பத்தில் ஒன்று. அப்படியானால் நீங்கள் பொட்டு வைத்த 50-ம் மொத்தத்தில் பத்தில் ஒன்று. ஆக மொத்தம் சுமார் 500.

மிருகத்தைப் பிடித்து, அடையாளம் வைத்து விட்டுவிட்டு, மறுபடி பிடித்து இப்படியே கணக்குப் போடுவதுதான் லிங்கன்-பீட்டர்சன் முறை. புலிக்குப் பொட்டு வேண்டாம், உடம்பு வரியே அடையாளம். பிடிப்பதற்குப் பதில் கேமராவில் படம் எடுப்பார்கள்; இருபுறமும் வரி வேறு என்பதால் கேமராவும் இரண்டு.

சரி, கொட்டைக்குப் புத்தி கிடையாது, எலிக்கு உண்டே! கூண்டில் ஒருமுறை மாட்டிய எலி மறுபடி அந்தப் பக்கம் வராவிட்டால் கணக்கு ஊதிவிடும். கருவாட்டு ருசி கண்டு திரும்பத் திரும்ப வந்தால் சுருங்கிவிடும்.